பள்ளத்துக் காட்டுப் பனியும் உங்கள் ஊர்க் கடிகாரமும்

போளூர், கொடைக்கானல் மலை,
19.1.2007

அன்புள்ள மச்சானுக்கு,

சுந்தரி எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உங்கள் அப்பா சுகம், பள்ளத்துக் காட்டு உருளைக்கிழங்கும் சுகம். மூன்றாவதாகச் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். செடி நிற்கிறது மச்சான்! பச்சைப் பசேலென்று, பூ விட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய மாதிரி நிற்கிறது. இதைப் போனில் சொல்லத்தான் பஸ் பிடித்துக் கொடைக்கானல் வரைக்கும் போனேன். பூத்தில் எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. நீங்கள் "நல்லா இருக்கியா, சாப்ட்டியா" என்றீர்கள். நான் "இருக்கேன், சாப்ட்டேன்" என்றேன். அதோடு லைன் போய்விட்டது. அதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனேன்? அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். ஓட்டல் சோலியை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் பார்சல் விஷயம். வட்டக்கானல் விடுதியில் உங்கள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, ஜெர்மனிக்கே கூட்டிக்கொண்டு போய் ஓட்டலில் சேர்த்துவிட்டார்களே ஒரு வெள்ளைக்காரம்மா, அவர்கள் இந்த வருடமும் வந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட பெட்டியை மயில்சாமி அண்ணன் தன் ஜீப்பில் போட்டு வீடு தேடி வந்து கொடுத்தார். கனத்தைப் பார்த்து ஸ்வெட்டர் என்று நினைத்தேன். பிரித்தால் கடிகாரம். நம் ஊரில் கிடைக்காத கடிகாரமா என்று உங்கள் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம்தான் உள்ளே நீங்கள் எழுதி வைத்த துண்டுச் சீட்டைப் பார்த்தேன். இந்தக் கடிகாரத்துக்கு ரேடியோவில் நேரம் வரும், தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். கூட இருக்கும் வெள்ளை டப்பாவை வெளியே வைத்தால் வெளியே எத்தனை டிகிரி குளிர் என்று வீட்டுக்குள்ளேயே காட்டும் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "பள்ளத்துக்கு ஆகும்" என்று ஒரு வரி. கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பள்ளத்தை நினைத்திருக்கிறீர்களே.

நீங்கள் புறப்பட்ட அன்று அந்தப் பள்ளத்து வரப்பில் நின்று என்ன சொன்னீர்கள்? "இந்தப் பள்ளத்துல ஒரே ஒரு பனிக்கால வெள்ளாமை நின்னுச்சுன்னா நான் ஏன் சுந்தரி கடல் தாண்டிப் போறேன்?" நான் மறக்கவில்லை. மேட்டில் விளைவது வீட்டுக்குப் பத்தாது, பள்ளத்தில் வைப்பதைப் பனி தின்றுவிடும். இதுதானே நம் கதை. போன கடிதத்தில், இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி ஓட்டலில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த மறுநாளே பள்ளத்தை உழுது உருளைக்கிழங்கு ஊன்றிவிட்டேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பனிக்குப் படையல் வைக்கிறியா ஆத்தா" என்று கேட்டார். ஆமாம் மாமா, இந்த வருடம் அது சாப்பிடாமல் போகட்டும் என்றேன்.

இனி கடிகாரத்தின் கூத்தைக் கேளுங்கள். நீங்கள் பேட்டரியோடு, ஓடவிட்டே அனுப்பியிருந்தீர்கள். இங்கே நான் சோறு வடித்து இறக்கிவிட்டேன், அது காலை ஏழு மணி என்கிறது. மூலையில் கோபுரம் மாதிரி ஒரு குட்டிப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது. கூட வந்த விளக்கப் புத்தகம் முழுக்க உங்கள் ஊர் எழுத்து, படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். அடுத்த வீட்டு முருகம்மாள் அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கோபுரந்தானே தேடுது? நம்ம கொடைக்கானல் டிவி டவர் என்னத்துக்கு இருக்கு?" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆன்டெனாவைத் திருப்புகிற மாதிரி கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஜன்னலில் வைத்தோம், ஓட்டுமேல் வைத்தோம், மேட்டுக் காட்டு உச்சிக்கே தூக்கிக்கொண்டு போய் டவர் இருக்கும் திசையைப் பார்த்துக் காட்டினோம். அக்கா சாமிக்குத் தீபம் காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மயில்சாமி அண்ணன் அந்த வெள்ளைக்காரம்மாவிடம் கேட்டு வந்து சொன்னார். அது தேடுகிற கோபுரம் ஜெர்மனியில் இருக்கிறதாம், இந்த மலைக்கு அதன் சத்தம் எட்டாதாம். கையாலேயே பொத்தானை அமுக்கி நேரம் வைக்கலாம், நம் நேரத்தை வைத்துத் தரட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அண்ணன் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும். அது காட்டுவதோடு நாலரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். எனக்குப் பழகிவிட்டது. இங்கே நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அங்கே நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள் என்று ஒரு பார்வையில் தெரிகிறது. இதை எதற்கு மாற்ற வேண்டும்?

நல்லவேளை, வெள்ளை டப்பாவுக்குக் கோபுரம் தேவையில்லை. அது நேராகக் கடிகாரத்தோடு பேசிக்கொள்கிறது. ஆனால் தூரம் போனால் பேச்சு நின்றுவிடும். நான் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து இறங்கினேன். மாமா ஜன்னலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "இருக்கு… இருக்கு… ஆத்தா போச்சு, போச்சு, மேலே ஏறு!" என்று கத்தினார். கடைசியில் பேரிக்காய் மரத்தடியில், பள்ளம் தொடங்குகிற இடத்தில், ஒரு கம்பு நட்டுக் கட்டினேன். வீட்டுக்குள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பள்ளத்துக் குளிரைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது? கம்பளியைப் போர்த்திக்கொண்டு விளக்கோடு இறங்கிப் புல்லைத் தடவித் தடவிப் பார்த்த காலம் போச்சு. தெருவே வந்து பார்த்தது. எனக்குப் பனிக்காரி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் மார்கழிக் கடைசியில் ஒரு நாள் என் மானமே போனது. படுக்கும்போதும் பார்த்தேன், விடிவதற்கு முன்னும் பார்த்தேன், ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிட்டேன். வெளிச்சம் வந்து இறங்கிப் போனால், பள்ளத்து அடியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை! பனி விழுந்த இலையில் வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும், வெயில் முந்திக்கொண்டால் இலை வெந்து கருகிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடி ஓடி ஊற்றினேன். அப்படியும் ஓடை ஓரத்துப் பாத்தி கருகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடிகாரத்தைத் திட்டினேன், அனுப்பிய உங்களையும் சேர்த்துத் திட்டினேன். மாமா தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

கடிகாரம் ஏன் பொய் சொல்கிறது என்று அன்று பொழுது சாய்ந்ததும் வாசலில் காத்திருந்து பார்த்தேன். உங்கள் அப்பா பூனை மாதிரி நடந்து பேரிக்காய் மரத்தடிக்குப் போகிறார். டப்பாவை அவிழ்க்கிறார். தன் தலையில் இருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி அதற்குள் டப்பாவைப் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போகிறார். பின்னாலேயே போனேன். கன்றுக்குட்டி படுத்திருக்கிற வைக்கோலில், அதன் வயிற்றுச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்கிறார்! தினமும் இதே வேலையாம். காலையில் நான் வெளியே இறங்குவதற்கு முன்னால் போய் மறுபடி கம்பில் கட்டிவிடுவாராம். கன்றுக்குட்டியின் சூட்டைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "பனியில கெடக்குது பாவம். அவன் கைபட்ட சாமான். அவனுக்கும் அங்கன பனிதானே?" மச்சான், நீங்கள் போனதிலிருந்து அவர் உங்களைப் பற்றி ஒரு பேச்சு எடுத்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்ற கோபம் அவருக்கு. அந்த மனிதர் உங்கள் டப்பாவுக்குக் குல்லா போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்து கோபம் வரும்? அது குளிர்ந்தால்தான் மாமா நமக்குச் சொல்லும், குளிரட்டும் விடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். டப்பாவைக் குல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டே, "நனையவாச்சும் வேணாம்" என்றார். மறுநாள் பலகையை அறுத்து டப்பாவுக்கு மேலே ஒரு கூரை அடித்துக் கொடுத்தார். நம் வீட்டுக் கூரையைவிட அது உறுதி.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்தான் பெரிய பனி. முந்தின சாயங்காலமே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, காற்று அசையவில்லை. பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். விடிகாலையில் எழுந்து பார்த்தால் மாமா கம்பளியோடு கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மூன்று காட்டியது, இரண்டானது, என் கண் எதிரே பூஜ்யத்துக்கு வந்தது. ஓடிப்போய் முருகம்மாள் அக்கா கதவைத் தட்டினேன். அக்கா தெருவையே எழுப்பிவிட்டார். ஈரச் சருகைக் கூட்டிப் புகை போட்டோம். பூவாளி, குடம், சோற்றுப் பானை, எது கையில் கிடைத்ததோ அதில் தண்ணீர் மொண்டு இலை இலையாகக் கழுவினோம். விரல் மரத்துப் போய்விட்டது. மாமா ஜன்னலிலிருந்து, "கோடு போட்ட ஒண்ணு!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில், "கோடு போட்ட ரெண்டு! வெரசா ஊத்துங்க!" அந்தக் கோடு மைனஸ் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தரும் நிற்கவில்லை. மேட்டுக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தபோது கடைசிப் பாத்தியில் கடைசிக் குடத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பயம். எல்லோரும் வரப்பில் நின்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கருகுமா, நிற்குமா? வெயில் பள்ளத்தின் அடிவரை இறங்கியது. இலையில் தண்ணீர் மினுங்கியது, ஆவி பறந்தது. பச்சை பச்சையாகவே இருந்தது. மத்தியானம் வரைக்கும் நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. மாமா கைத்தடியோடு இறங்கி வந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். "வேலு பள்ளம் நின்னுருச்சு" என்றார். வேலு என்றார் மச்சான். உங்கள் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! முருகம்மாள் அக்கா குலவை போட்டார். நான் சேற்றுக் கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன், குடம் உடைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இனிமேல் இவ்வளவு பெரிய பனி விழாது என்று மாமா சொல்கிறார். ஓடை ஓரப் பாத்தி போனது போனதுதான், மீதி அத்தனையும் மாசிக் கடைசியில் தோண்டலாம். தினமும் பொழுது சாய்ந்ததும் அவர் கடிகாரத்துக்கு முன்னால் வந்து நின்று, "இப்ப அவனுக்கு மணி என்ன?" என்று கேட்கிறார். நான் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

ஒரே ஒரு கவலை. நேற்றிலிருந்து கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்துபோகிற அடையாளம் தெரிகிறது. பேட்டரியைக் கழற்றினால் நேரமும் போய்விடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிக் கோபுரத்தைத் தேடும், இங்கே அதற்குக் கிடைக்காது என்று மயில்சாமி அண்ணன் சொல்கிறார். புதுப் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அண்ணனையும் தொடவிட மாட்டேன், நானும் தொட மாட்டேன். நீங்கள் வந்து உங்கள் கையால் போடுங்கள். நம் ஊர் நேரத்தை நீங்களே அமுக்கி வையுங்கள். வரப்பில் நின்று சொன்ன வார்த்தையை நான் ஞாபகப்படுத்தவில்லை. செடி நிற்கிறது என்று மட்டும்தான் சொல்கிறேன். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று குழந்தை வேலப்பருக்கு நேர்ந்திருக்கிறேன்.

பழனி மலை முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
சுந்தரி

பின் குறிப்பு: மாமா அந்தக் குரங்குக் குல்லாவைத் துவைத்துக் காயவைத்து, உங்களுக்குப் பார்சலில் அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். நான் அனுப்பவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வந்து போட்டுக்கொள்ளுங்கள்.