யாருமே சாகாமல் ஒலித்த துக்க மணி

ஹாலோபி, லிங்கன்ஷயர்
ஈஸ்டர் முடிந்த செவ்வாய், 2019

அன்பு மகள் பெத்தனிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் இடது முழங்காலையும் நாட்டின் அரசாங்கத்தையும் தவிர மற்றதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே கடலுக்கு அப்பால் லைடனில் நீயும் யோரிஸும் சளி இருமல் இல்லாமல், சைக்கிளிலிருந்து விழாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதுவும் போக, இந்த விஷயத்தை வாயால் சொன்னால் எனக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும், ஆயுசெல்லாம் டிராக்டருக்கு டயர் மாற்றியவனுக்கு அது அழகில்லை.

உன் மின்னஞ்சலை அம்மா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஆகஸ்டில் நம் சர்ச்சில் வைத்திருந்த கல்யாணத்தை லைடன் நகர மண்டபத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். உங்க நாடு உள்ளயா வெளியவான்னு முதல்ல முடிவு பண்ணட்டும், யோரிஸ் வீட்டுக்காரங்க டிக்கெட் எடுக்கவே பயப்படறாங்க, அதோட நம்ம ஊர்ல இப்ப மணி அடிக்கக்கூட ஆள் இல்லியாமே என்றும் எழுதியிருந்தாய். 'உங்க நாடு' என்ற இடத்தில் அம்மா நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. மூன்று வருஷமாக ஒரு வீட்டார் வாசலில் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டு போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கும் எரிச்சல் வரும், தெருவில் இருப்பவர்களுக்கும் எரிச்சல் வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்குத்தான் கை வலி. நான் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறுவதற்கு ஓட்டுப் போட்டவன், அம்மா இருப்பதற்குப் போட்டவள், ஒரே காரில் போய் ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துவிட்டு ஒன்றாக வீட்டுக்கு வந்து மீன் வறுவல் சாப்பிட்டோம் என்பது உனக்குத் தெரியும். எங்கள் இருவருக்குள் சண்டை இல்லை. ஆனால் இப்போது டிவியைப் பார்த்து இருவரும் ஒரே மாதிரி கத்துகிறோம், அதுதான் இந்த மூன்று வருஷத்தில் கிடைத்த ஒற்றுமை. போன மாதம் பார்லிமெண்டில் எட்டு யோசனைகளை வைத்து ஓட்டெடுத்தார்கள், எட்டும் தோற்றது. அம்மா ஒப்பந்தம் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தக்காளி டப்பாவும் நாய்க்குத் தீனியும் கழிப்பறைக் காகிதமும் வாங்கிக் கராஜில் அடுக்கினாள். பீச் பழ டப்பாக்களை நான் தின்றுவிட்டேன், நாட்டின் நெருக்கடிக் கையிருப்பைத் தின்ற துரோகி என்று இப்போது எனக்குப் பெயர்.

மணி விஷயத்தை அம்மா போனில் பாதி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முழுக்க நான் சொல்கிறேன், முடிவு செய்யப்போகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கூண்டுத் தலைவர் நார்மன் ஸ்கெல்டனை உனக்குத் தெரியும், பீட்ரூட் பயிரிடுகிறவர், வெளியேறு என்று வயல் ஓரத்தில் கதவு அகலத்துக்குப் பலகை வைத்தவர். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைதானே முதலில் வெளியேறும் நாள், அன்றைக்கு ஆறு மணிகளையும் முழங்கவிட வேண்டும் என்றார். தேதியைத்தான் தள்ளிவைத்துவிட்டார்களே என்று கேட்டால், அவங்க தள்ளி வச்சா வச்சுக்கட்டும், நான் தள்ளி வைக்கல என்றார். ரயில் வராவிட்டாலும் பிளாட்பாரத்தில் பெட்டியோடு நிற்பேன் என்கிற கதை. நம் போதகரம்மா பாவம், அந்தப் பக்கமும் பகை வேண்டாம் இந்தப் பக்கமும் பகை வேண்டாம் என்று யோசித்து, வெள்ளிக்கிழமை எப்பவும் பயிற்சி நாள்தானே, பயிற்சியா அடிச்சா யாரு கேக்கப்போறாங்க என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் எந்தச் சிக்கலும் இப்படித்தான் தீரும், இப்படித்தான் பெரிசாகும். எங்களோடு கயிறு இழுக்கும் டாஃப்னி பிரவுட்டும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அதே டாஃப்னிதான், வெளியேறக் கூடாது என்று லண்டன் ஊர்வலத்துக்குத் தொப்பி பின்னிப் போட்டுக்கொண்டு போனவள். வியாழக்கிழமை மத்தியானம் தனியாகக் கூண்டில் ஏறி, சாவு வீட்டுக்கு அடிக்கும்போது கட்டுவோமே, அந்தத் தோல் பட்டைகளை ஆறு மணிகளின் நாக்கிலும் ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு நாரிச்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நார்மன் ஆசையாகக் கயிற்றை இழுக்கும்போது ஒரு அடி முழங்கும், மறு அடி ஊமையாக முனகும், அதுதான் அவள் திட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்லிமெண்டில் வெளியேறும் ஒப்பந்தம் மூன்றாம் முறையாகத் தோற்றது. நார்மனுக்கு வந்த வெறுப்பில், எதுக்குய்யா அடிக்கணும், போங்கய்யா வீட்டுக்கு என்று பயிற்சியையே ரத்து செய்துவிட்டார். மணிகள் தோல் கட்டின நாக்கோடு அப்படியே தொங்கின, நாரிச்சில் இருந்தவள் சொல்ல மறந்துவிட்டாள்.

அந்த ஞாயிறே அன்னையர் ஞாயிறு. அம்மாக்களுக்குக் கொடுக்க டாஃபடில் பூக்கட்டுகள் வாசலில் வாளி வாளியாக இருக்கின்றன, குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள், நாங்கள் டாஃப்னி இல்லாமல் ஐந்து பேர் கயிற்றைப் பிடித்தோம். முதல் சுற்று நன்றாக விழுந்தது, திரும்பி வந்த அடி சாவு மணி. யாரோ போய்விட்டார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை, இப்போது கேட்டால் மரியாதைக்குறைவு என்று நினைத்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு இழுத்தேன். எதிரே நார்மன் என்னைவிடத் துக்கமாக இருந்தார். தபால்காரன் கெவின் கண்ணை மூடிக்கொண்டான். வாட்ஸன் தம்பதி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம், ஒருவர்கூட ஒருவரைக் கேட்கவில்லை, கால் மணி நேரம் அருமையாக அடித்தோம், அத்தனை சீராக நாங்கள் அடித்து வருஷக்கணக்காகிறது. வெளியே அம்மாக்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு யாருக்கு என்று விசாரித்தார்களாம், மதுக்கடைக்காரர் அரண்மனையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கொடியைப் பாதியில் இறக்கிவிட்டார். போதகரம்மா ஓடி வந்து மூச்சு வாங்க, யாருன்னு சொல்லுங்க, ஜெபத்துல பேர் சொல்லணும் என்றபோதுதான் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க என்று கொஞ்ச நேரம் போனது.

டாஃப்னி ஊரிலிருந்து வந்ததும் நான்தான் கட்டினேன் என்று நேராகச் சொல்லிவிட்டாள், அந்தத் தைரியத்தை நான் மெச்சுகிறேன். சர்ச் வாசலிலேயே சண்டை. அன்னையர் ஞாயித்துக்கு எழவு மணி அடிக்க வச்சிட்டியேம்மா, உனக்கு நெஞ்சு இருக்கா என்று நார்மன் கத்தினார். எழவு உங்களால வந்தது, நான் பட்டைதான் கட்டினேன் என்றாள் அவள். இனிமே இந்தம்மா நிக்கற வட்டத்துல நான் நிக்கமாட்டேன் என்று நார்மன் கயிறுகளை எல்லாம் சுருட்டி மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். வாட்ஸன் தம்பதி டாஃப்னி பக்கம். கெவின் எந்தப் பக்கமும் இல்லை, அதைவிட மோசம். ரெண்டு கட்சி நோட்டீஸையும் வீடு வீடாப் போட்டவன் நான், ஒவ்வொரு வாசல்லயும் என்னைத்தான் திட்டினாங்க, மணிக்கூண்டுலயாவது நிம்மதின்னு வந்தேன், தேதியை அக்டோபருக்குத் தள்ளிட்டாங்களே, அப்ப அவங்க எதையாவது முடிச்சப்புறம் கூப்பிடுங்கப்பா என்று சொல்லிவிட்டான். ஊரில் முக்கால்வாசிப் பேர் கெவின் மாதிரிதான் ஆகிவிட்டார்கள். கடைக்காரி பாம் செய்தித்தாளை அடுக்கும்போது தலைப்புச் செய்தி தெரியாதபடி மடித்து வைக்கிறாள், போறதுன்னா போங்க, இருக்கறதுன்னா இருங்க, கதவைத் திறந்து வச்சிக்கிட்டு குளிர்ல நிக்க வைக்காதீங்க என்கிறாள். யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியவில்லை, ரொட்டி வாங்கப் போன என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உன் கல்யாணத்துக்காக நான் சமாதானம் பேசக் கிளம்பினேன். அம்மா வேண்டாம் என்றாள், கேட்டேனா. நார்மனிடம் போனால், பெத் கல்யாணத்துக்கு கை ஒடஞ்சாலும் அடிப்பேன், அந்தம்மா கூட அடிக்கமாட்டேன் என்றார். டாஃப்னியிடம் போனால், நான் எப்ப மாட்டேன்னேன், அவர் ஊர் முன்னாடி மன்னிப்புக் கேட்டா வர்றேன் என்றாள். பாதி மணி நீங்கள் பாதி மணி அவர்கள், பெண் உள்ளே வரும்போது அவர்கள் வெளியே போகும்போது நீங்கள், நடுவில் திரைச்சீலை என்று என்னென்னவோ யோசனைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடந்தேன். நானும் பார்லிமெண்ட் மாதிரிதான், எல்லாம் தோற்றது, செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் எனக்கே புரிந்தது, அவர்கள் சொன்னதை அவர்களுக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேனே தவிர, எனக்கு என்ன வேண்டும் என்று நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் எங்கள் சர்ச் வாசலிலிருந்து வெளியே வரும்போது மணி முழங்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் நான் மட்டும் போய் ஒரே ஒரு மணியை அடித்தேன். எங்கே தீப்பிடித்தது என்று இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். அப்புறம்தான் எனக்கு அந்த இரும்புச் சட்டம் ஞாபகம் வந்தது. சுவரோரமாக நாங்கள் கோட்டு மாட்டுவோமே, அதுதான், ஒரே ஆள் நின்று மெல்லிய கயிறுகளை இழுத்தால் ஆறு மணிகளையும் சுத்தியல் தட்டும். மணி அடிப்பவர்கள் குடித்துவிட்டு வருகிறார்கள் என்று அந்தக் காலத்துப் போதகர் ஒருவர் அவர்களைத் துரத்துவதற்காகப் பொருத்தியதாம், எந்த மணிக்காரனும் அதைத் தொடமாட்டான். யோரிஸின் பெரியப்பா அங்கே கோபுரத்தில் உட்கார்ந்து கட்டைகளைக் குத்தி ஒரே ஆளாக மணிகளிலேயே பாட்டு வாசிக்கிறவர்தானே, ஆறு மணியில் அவருக்கு ஒரு பாட்டு வராதா என்று எனக்குப் பட்டது. நேற்று பாம் கடையில் மசகெண்ணெய் வாங்கும்போது இதைச் சொல்லிவிட்டு, சர்ச்சுக்கு வந்து அந்தச் சட்டத்துக்கு எண்ணெய் போட ஏணியில் ஏறினேன். அம்மா இப்போது என்னை ஊரெல்லாம் தந்திரக்காரன் என்று சொல்லித் திரிகிறாள், சத்தியமாக எனக்கு அவ்வளவு மூளை இல்லை.

அரைமணி ஆகவில்லை, நார்மன் சேறு காயாத பூட்ஸோடு உள்ளே வந்தார். யோவ் மால்கம், எறங்குயா கீழ, கோட்டு மாட்டற கம்பியில பாட்டு வாசிக்க ஆள் வரவழைக்கறியாமே, இது சர்ச்சா ஐஸ்கிரீம் வண்டியா என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஸ்கெல்டன் சொல்றது ரொம்ப சரி, மால்கம் உங்களுக்கு வெக்கமா இல்லையா என்று ஒரு குரல், டாஃப்னி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நார்மன் மெதுவாகத் திரும்பி, இப்ப என்ன சொன்னீங்க என்றார். ஒண்ணும் சொல்லல. ரொம்ப சரின்னீங்க என்றார் நார்மன். மணி விஷயத்துல மட்டும் என்றாள். நான் ஏணியிலேயே எண்ணெய்க் குப்பியோடு நின்றேன், இறங்கினால் கெட்டுவிடும் போலிருந்தது. ஆனால் அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எனக்கு இந்தக் கம்பியும் வேணாம் பாட்டும் வேணாம், என் பொண்ணு வெளிய வரும்போது மணி அடிக்கணும், அவ வரமாட்டேன்னு எழுதியிருக்கா என்று சொன்னேன். குரல் நான் பயந்த மாதிரியே ஆகிவிட்டது. நார்மன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிறுகளை அவிழ்த்து இறக்கினார். மூவரும் ஆளுக்கொன்று பிடித்தோம்.

மணி அடிப்பதில் ஒரு கொடுமை உண்டு, முன்னால் இழுப்பவரின் கையைப் பார்க்காமல் உன் இடம் எது என்று உனக்குத் தெரியாது. தெருவில் எதிரே வந்தால் அடுத்த பக்கம் போய்க்கொண்டிருந்த இருவரும் ஒருவர் கையை ஒருவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறுத்தியதும் நார்மன், உங்க கை கொஞ்சம் பிந்துது டாஃப்னி என்றார். உங்களது மூணு வருஷமா முந்துது என்றாள் அவள். மன்னிப்பும் இல்லை, கைகுலுக்கலும் இல்லை, நார்மனின் பலகை இன்னும் வயலில்தான் நிற்கிறது. சத்தம் கேட்டு வாட்ஸன் தம்பதி வந்து எட்டிப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றார்கள். கெவின் மட்டும் அசையவில்லை, அவன் அசையவும் மாட்டான், அவனை நான் குறை சொல்லமாட்டேன். ஆக ஐந்து கயிற்றுக்கு ஆள் இருக்கிறது.

உன்னை வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. நீ எந்த ஊர்க்காரி ஆக வேண்டும் என்பதை இங்கே யாரும் உனக்காக முடிவு செய்ய முடியாது, எங்களைப் பற்றியே எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. லைடனில் என்றால் டை கட்டிக்கொண்டு வருகிறோம், அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள், நகர மண்டபத்தில் நான் சத்தமாக அழமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். போதகரம்மா ஆகஸ்ட் தேதியை அடுத்த வார வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திருப்பதாகச் சொன்னார், அதற்குள் ஒரு வார்த்தை அம்மாவிடம் போனில் சொல். நீங்கள் இருவரும் எங்கே கையெழுத்துப் போட்டாலும் கடவுள் உங்களைக் கைவிடாமல், சாப்பாட்டுக்கும் சிரிப்புக்கும் குறை இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னார்கள், நார்மனும் டாஃப்னியும் தனித்தனியாக வந்து, மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெவின் விட்டுப்போன முதல் கயிறு, அது அவனுக்கு முன்னால் உன்னுடையதுதானே, பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை நீதானே இழுத்தாய். அதை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், சடங்கு முடிந்ததும் பெத் அப்படியே வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். ஆகவே வருவதாக இருந்தால் தையல்காரியிடம் மறக்காமல் சொல், கல்யாண உடுப்பின் கையை இறுக்கித் தைக்க வேண்டாம், தலைக்கு மேலே தூக்க வேண்டியிருக்கும்.

உன் அன்புள்ள அப்பா,
மால்கம்