கிரீடத்தைக் கட்டிய கை

18 ஆகஸ்ட் 1979, தூத்துக்குடி

மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் இன்றுதான் எங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்ததால், இடது காதுக்கு முன்னால் ஓடும் குழாயை உள்ளே திருப்பி ஒட்டித் தைத்திருக்கிறார்கள். பைபாஸ் என்கிறார்கள். தைத்த சின்ன டாக்டர் தேவதாசன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: அந்த இடத்தில் எதுவும் அழுத்தக் கூடாது. துண்டு, தொப்பி, மூக்குக்கண்ணாடிக் காம்புகூட ஆகாது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இவர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனி நிறுக்க நான்தான்.

10 செப்டம்பர்

ஆபரேஷன் நடந்தபோது குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டதை இன்று சொன்னேன். பிழைத்து வந்தால் தசராவுக்கு ராஜா வேஷம் கட்டி, கடைத்தெருவில் காணிக்கை பிரித்துக் கோயிலில் செலுத்துவார் என்று.

"டாக்டரு என்ன சொன்னாரு, நீ என்னளா சொல்லுத? கிரீடம் தலையிலதான இருக்கும்?"

"அம்மன் குடுத்த உசுரு. அவளுக்குப் போடுத கிரீடம் அழுத்தவா போவுது?" என்றேன்.

டாக்டருக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

30 செப்டம்பர்

தசரா. ராஜா வேஷத்தில் இவர் தலையில் தகரக் கிரீடம். நடக்க நடக்கச் சரிந்தது. நாலு பேர் முன்னால் ராஜா கிரீடம் சரிந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? காதோரமாக வரும் அதன் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். "வலிக்குளா" என்றார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். சாயங்காலம் வரை அவிழ்க்கவில்லை. கடைத்தெருவே கும்பிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

1 அக்டோபர்

காப்பி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சு குழறுகிறது. ஐயோ அம்மா, நான் என்ன செஞ்சுட்டேன்.

4 அக்டோபர், மெட்ராஸ்

கழுத்தில் ஊசி போட்டு மருந்து செலுத்தி மண்டையைப் படம் எடுத்தார்கள். ஆஞ்சியோகிராம். பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். காதுக்கு முன்னால் ஏறுகிற கோடு பாதியிலேயே நின்றுவிட்டது. ஒட்டுப் போட்ட இடத்துக்கு மருந்து எட்டவேயில்லை.

"தலையில ஏதாவது கட்டினாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. அவர் உடனே தேவதாசன் பக்கம் திரும்பி, "அப்ப உன் தையல்தான்யா" என்றார். படிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேவதாசன் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் குனிந்ததில் ஒரு நியாயமும் இல்லை.

5 அக்டோபர்

இன்றும் சொல்லவில்லை. தேவதாசன் வந்து "மன்னிச்சிருங்கம்மா" என்றார். என்னிடம்! தூ, நானும் ஒரு மனுஷியா?

6 அக்டோபர்

இவரிடமே கேட்டார்கள். வாய் கோணி, எச்சில் வழிய, "து... துண்டு. நானே... கட்டுனேன்" என்றார். என்னைப் பார்க்கவேயில்லை. என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், அதுவும் அந்த வாயால். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"துண்டு இல்லய்யா, கிரீடம். இவுக வேண்டாம்னுதான் சொன்னாக. நாந்தான் கேக்காம இறுக்கிக் கட்டுனேன். சின்ன டாக்டரு மேல பழி போடாதீங்க."

பெரிய டாக்டர் கத்து கத்தென்று கத்தினார். எனக்குத் தகும். தேவதாசன் கத்தவில்லை. கயிறு அழுத்திய இடத்தை என்னையே தொட்டுக் காட்டச் சொன்னார். படத்தில் கோடு நின்ற இடமும் அதுதான். "பின்னால இன்னொரு கிளை நல்லா இருக்கு. திரும்பத் தைச்சுப் பார்ப்போம்" என்றார்.

20 அக்டோபர்

தைத்தாயிற்று. மறுபடியும் படம். இந்த முறை கோடு மண்டைக்குள் போய்க் கிளை கிளையாகப் பிரிகிறது. கை பழையபடி வருமா என்று சொல்ல முடியாதாம்.

12 டிசம்பர், தூத்துக்குடி

இவர் கையில் இன்னும் தராசு நிற்கவில்லை. கருப்பட்டி வாங்க வந்த அடுத்த தெரு முத்துக்கனி, "மெட்ராஸ் டாக்டரு கெடுத்துப்புட்டானாமே, ஊரே சொல்லுது" என்றாள். ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறேன்.

"டாக்டரு இல்லக்கா. நாந்தான் கெடுத்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனதும் அடுத்து வந்தவரிடமும் சொன்னேன். முகம் எரிந்தது. பின்னாலிருந்து இவர் குரல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

"ஏளா, வாரவுககிட்ட எல்லாம் இதையே சொல்லிக்கிட்டிருந்தா, யாவாரத்த யாரு பாக்க?"

ஊருக்கு வந்தபின் இவர் குழறாமல் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு.