தண்ணி லாரிக்காரி

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
9-6-74

அன்புள்ள ஜேக்கப் அண்ணாத்தைக்கு,

தங்கச்சி ஐரீன் எழுதிக்கினது. நானும் அம்மாவும் சர்வேசுரன் புண்ணியத்துல சௌக்கியம். உன் சௌக்கியம் அறிய ஆவல்னு எழுதணும். இப்ப நான் கோவமா கீறேன், அதனால அத்த அப்பால எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நீ எழுதின கடுதாசி செவ்வாக்கிழமை வந்து சேருது. ரயில் ஸ்டிரைக் முடிஞ்சும் தபால் இன்னும் நொண்டிகினுதான் வருது. நான் இன்னா பண்ணட்டும்? பிலாய் இரும்பு பேக்டரிக்கு வேலைக்குப் போவ ரயில் ஏறும்போது நீ இன்னா சொன்ன? "நம்ம ஆட்டம் நிக்கக் கூடாது ஐரீன். என் ஆளுங்கள எங்க நகர்த்தணும்னு நான் எழுதறேன், நீ என் கையா இருந்து நகர்த்து. எதிர்ல எப்பவும் போல என் சிநேகிதன் கஸ்பார் குந்துவான்"னு சொன்ன. சரின்னு ஞாயித்துக்கிழமையானா பூசை முடிச்சு, நாஸ்தா கூட ஒயுங்கா துன்னாம மாடில குந்தறேன்.

பழைய கதவுப் பலகைய முக்காலி மேல போட்டு, காசிமேட்டு மணலக் கொட்டி, தகர டப்பால கப்பல் செஞ்சு கவுத்து வெச்சவன் நீ. இது வேற ஒரு கோளு, இங்க கடலே வத்திப் போச்சு, மிச்சம் கீற தண்ணிக்கு ரெண்டு பொம்மைப் பட்டாளம் அடிச்சிக்குதுன்னு கதை கட்டினவனும் நீ. செத்தவன் செத்தவன்தான், அடுத்த வாரம் எழுந்து வர மாட்டான்னு சட்டம் போட்டவனும் நீதான். போன வாரம் உன் கப்பித்தான் கவுந்த கப்பலுக்குப் பின்னால மாட்டிகினான். மூணு பக்கமும் கஸ்பார் ஆளுங்க. உன் கடுதாசி வரல. கஸ்பார் பொறுமையாத்தான் இருந்தான், ஆனா அவனும் ஹார்பருக்கு நைட் ஷிப்ட் கிரேன் ஓட்டப் போவணும் இல்ல? அதான் நானே யோசிச்சேன்.

பர்மா பஜார்ல வாங்கியாந்த பிளாஸ்டிக் பட்டாளத்துக்காரன் ஒருத்தன் கால் ஒடிஞ்சு கெடந்தான் இல்ல? எங்க கம்பெனில நான் ரேடியோவுக்கு ஈயம் வெக்கற சூட்டுக்கோல் மாதிரியே வூட்டுல ஒண்ணு கீது. அத்த வெச்சு அவன் துப்பாக்கிய உருக்கி எடுத்து, கைய வளைச்சு ஸ்டியரிங் குடுத்தேன். மெழுகுல கொண்டை. அரக்குல சேலை, இழுத்து சொருகின மாதிரி. தலைல டார்ச் பல்பு கண்ணாடி, காத்தில்லாத கோள்ல மூச்சு வுடறதுக்கு. உதட்டுக்கு என் நகப்பூச்சு. பல்பொடி டப்பால லாரி. தண்ணி லாரிக்காரின்னு பேரு வெச்சேன். தாயக்கட்டைய உருட்டினேன், தாயம்! லாரி மணல்ல சீறிகினு போயி உன் கப்பித்தான அள்ளிப் போட்டுகினு வந்துடுச்சு. கஸ்பார் தலைல கை வெச்சிகினு குந்திட்டான். பக்கத்துல இறால் உரிச்சிகினு இருந்த அம்மா கூட கை தட்டுச்சு.

இப்ப உன் கடுதாசியப் படிச்சா, கப்பித்தான் வெட்டவெளில ஓடி எல்லாரையும் ஒண்டியா சுடணுமாம். ஓடியிருந்தா அன்னிக்கே அவனுக்கு பாடை கட்டியிருப்போம். சந்தோசப்படு.

உன் சௌக்கியம் அறிய ஆவல்.

தங்கச்சி
ஐரீன்

---

சேசு மரி சூசை துணை

பிலாய்
18-6-74

அன்புத் தங்கை ஐரீனுக்கு,

அண்ணன் ஜேக்கப் ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கு சுகம். வெயில் தாங்கவில்லை. அம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

நீ செய்தது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. அவன் என் ஆள். ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். உன்னை நான் கையாகத்தான் வைத்தேன், யோசிக்கச் சொல்லவில்லை. கடுதாசி வரவில்லை என்றால் அப்படியே விட்டிருக்க வேண்டும். செத்தால் கௌரவமாகச் செத்திருப்பான். ஒரு பொம்பளை ஓட்டுகிற லாரியில் ஏறித் தப்பித்தான் என்று கதை ஆகிவிட்டதே, கஸ்பார் ஹார்பர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க மாட்டானா?

அந்தக் கோளில் பொம்பளைகளே கிடையாது. நகப்பூச்சு பூசிய சண்டைக்காரியை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அவளை எடுத்துவிடு. கப்பித்தானைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆடச் சொன்னேன் என்று கஸ்பாரிடம் சொல்.

வேறொன்று. ஸ்டுடியோவில் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. அந்த நீலச் சேலை கட்டிக்கொள்.

உன் அண்ணன்
ஜேக்கப்

---

ராயபுரம்
26-6-74

அண்ணாத்த,

பொம்பளையே இல்லாத கோள்ல உன் கப்பித்தான யாரு பெத்தது? கஸ்மாலம், எழுதறதுக்கு முன்னாடி யோசிக்க வோணாமா?

எடுக்க மாட்டேன். நீ சொன்னத கஸ்பார் கிட்ட சொன்னேன். "ஆடினது ஆடினதுதான். உங்கண்ணன் அங்க குந்திகினு அயிச்சா அயிஞ்சிடுமா?"ன்னுட்டான். சிரிக்கல. லாரிக்காரிய கைல எடுத்து, டார்ச் பல்ப எப்படி ஒட்டினன்னு கேட்டான். நீ இது வரைக்கும் ஒரு தபாவாவது அப்படிக் கேட்டிருக்கியா? உன் கப்பித்தான் முதுகுல கீற ரெண்டு காத்து டாங்கியும் நான் ஈயம் வெச்சது. கடுதாசில "கப்பித்தானுக்கு டாங்கி வைத்தேன்"னு நீ செஞ்ச மாதிரி கஸ்பாருக்கு எழுதற. படா உதாரு!

இனிமே லாரிக்காரி என் ஆளு. உன் ஆளுங்கள நீ எழுதற மாதிரியே நகர்த்தறேன். என் ஆள நான் நகர்த்தறேன். இஷ்டம்னா ஆடு.

போட்டோ இதோட கீது. ஸ்டுடியோக்காரன் சிரிக்கச் சொன்னான். உன் கடுதாசி ஞாபகம் வந்து மொறைச்சிகினே நின்னுட்டேன். எதுக்கு போட்டோன்னு எழுது.

ஐரீன்

---

சேசு மரி சூசை துணை

பிலாய்
22-7-74

ஐரீனுக்கு,

பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் அத்தை கடிதம் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ கஸ்பாரோடு மாடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாயாம். தெருவில் பேச்சாகிவிட்டதாம். அப்பா இல்லாத வீடு. எனக்கு இங்கே தூக்கம் போய்விட்டது. அந்தப் பலகையை இன்றோடு எடுத்து வை. இனி ஆட்டம் கிடையாது.

நல்ல செய்தியும் உண்டு. என்னோடு வேலை செய்யும் அருள்பிரகாசம் நம் வேதக்காரர், தூத்துக்குடிப் பக்கம். குடி கிடையாது. சீட்டு கிடையாது. உன் போட்டோவைக் காட்டினேன், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் கல்யாணம். கம்பெனியில் வேலையை விடுவதாக இப்போதே எழுதிக் கொடு. கல்யாணத்துக்குப் பிறகு நீ இங்கே வந்துவிடலாம், என் கண் முன்னால் இருப்பாய்.

அண்ணன்
ஜேக்கப்

---

ராயபுரம்
30-7-74

ஜேக்கப்புக்கு,

அன்புள்ளன்னு போட கை வரல.

கஸ்பார் எதிர்ல என்னிய குந்த வெச்சது யாரு? சிலுவையம்மா அத்தையா? நீ! உன் ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு நீதான் குந்த வெச்ச. உன் கையா இருந்த வரைக்கும் தெருவுல ஒரு பேச்சும் இல்ல. எனக்குன்னு ஒரு ஆள் வெச்சு ஆடினதும் பேச்சாயிடுச்சா? அம்மா பக்கத்துலயே குந்திகினு இறால் உரிக்குது. கீழ்வூட்டுக்காரங்க எல்லாம் வந்து பாக்கறாங்க. அந்த அத்தையே போன வாரம் வந்து, "லாரிக்காரி செத்துட்டாளாடி?"ன்னு கேட்டுட்டுப் போச்சு!

உன் பிளாஸ்டிக் கப்பித்தான ஒரு தபா தொட்டதுக்கு நீ இன்னா குதி குதிச்ச? தொடக்கூடாது, சட்டம்ன. என்னிய மட்டும் ராயபுரத்துல இருந்து தூக்கி பிலாய்ல வெக்கலாமா? ஒரு வார்த்தை என்னிய கேட்டியா? நான் இன்னா, பலகை மேல நிக்கற ஆளா?

அருள்பிரகாசம் நல்லவராவே இருக்கட்டும். அவரு குரல் எப்படி இருக்கும்? கோவம் வந்தா இன்னா பண்ணுவாரு? நான் ஒண்ணு கேட்டா பதில் சொல்லுவாரா, மூஞ்சியத் திருப்பிக்குவாரா? எனக்குத் தெரியாது. அவரு பாத்தது, உன் மேல கோவத்துல நான் மொறைச்சிகினு நிக்கற ஒரு போட்டோவ. அத்த பாத்துட்டும் பிடிச்சிருக்குன்னா அந்த மனுசனுக்கு தைரியம்தான்.

வேலைய விட எழுதிக் குடுன்னு சுளுவா எழுதிட்ட. சூட்டுக்கோல் பிடிக்கக் கத்துக்க நான் எத்தினி தபா கையச் சுட்டுகினேன்னு அம்மாவக் கேளு. இப்ப புதுசா வர பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்கறது நானு. அத்த உட்டுட்டு அங்க வந்து சோறு பொங்கிகினு குந்தணுமா? அம்மாவ இங்க ஒண்டியா உட்டுட்டு?

முடியாது. பெரிய எழுத்துல எழுதறேன், உனக்கு நல்லாத் தெரியட்டும். முடியாது.

உன் ஆளுங்கள இனிமே நான் தொட மாட்டேன். வேற கையப் பாத்துக்கோ.

ஐரீன்

---

பிலாய்
14-8-74

ஐரீன்,

உன் கடிதத்தைப் படித்து உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா இருந்திருந்தால் அவருக்கு இப்படி எழுதியிருப்பாயா? இப்போது நான்தான் அப்பா இடத்தில் இருக்கிறேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லாருக்கும் தெரியும். மாறினால் நான் தலை நிமிர்ந்து வேலைக்குப் போக முடியாது. பங்குச் சாமியாருக்கு எழுதிவிட்டேன், அம்மாவும் போய்ப் பெயர் கொடுத்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையை 25ஆம் தேதி கோயிலில் வாசிப்பார்கள். மாப்பிள்ளையோடு நான் செப்டம்பர் 11ஆம் தேதி வந்து சேருவேன். கஸ்பாருக்கும் தனியாக எழுதி, நம் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இதற்குப் பதில் தேவையில்லை.

ஜேக்கப்

---

ராயபுரம்
2-9-74

அண்ணாத்த,

நீ பதில் வோணாம்ன. ஆனா சிலுவையம்மா அத்தை எழுதறதுக்கு முன்னாடி நான் எழுதிடணும்.

கஸ்பார் வரதில்ல. உன் கடுதாசிக்கு பயந்துட்டான். தெருவுல என்னியப் பாத்தா அந்தப் பக்கம் போயிடறான். அவ்ளோதான் அவன் வீரம்.

மொத ஓலைல என் பேரக் கேட்டதும் மரம் மாதிரி குந்திகினு இருந்தேன். பொம்பளைங்க திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க. அந்த வாரமே சாமியாரைப் பாத்து சொன்னேன். "அண்ணன் பாத்து வெச்சா நல்லதாத்தான் இருக்கும், ஜெபம் பண்ணு பொண்ணே"ன்னு அனுப்பிட்டாரு. ஜெபம் பண்ணேன். கோவம் ஜாஸ்திதான் ஆச்சு.

நேத்து ரெண்டாம் ஓலை. "இவர்களுக்குள் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்"னு வாசிச்சுட்டு, சாமியார் காயிதத்த மடிக்கப் போனாரு. அந்த வரி வந்தா எல்லாரும் இருமுவாங்க, முக்காட சரி பண்ணுவாங்க, அவ்ளோதானே? நான் எழுந்து நின்னேன். அம்மா என் சேலையப் பிடிச்சு இஸ்துச்சு. நான் குந்தல.

"விக்கினம் உண்டு சாமி"ன்னேன். அவருக்குக் கேக்கல, ரெண்டாவது தபா கத்தித்தான் சொன்னேன்.

"இன்னாம்மா விக்கினம்?"னாரு.

"பொண்ணுக்கு இஷ்டம் இல்ல சாமி."

அவருக்கு தூரப் பார்வை மட்டு. "அது உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு.

"நான்தான் சாமி பொண்ணு."

சாமியார் கண்ணாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிகினு என்னிய பாத்தாரு. அந்தக் காயிதத்த நாலா மடிச்சு அங்கிக்குள்ள வெச்சிகினு, "அப்போ இதுல வாசிக்க ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஓலைய எடுத்தாரு.

அம்மா என் கூட பேசல. சோறு மட்டும் போட்டுச்சு. சாயங்காலம் கஸ்பார் தங்கச்சி ஆலிஸ் வந்துச்சு. கஸ்பார் ஆளுங்க கீற பிஸ்கட் டப்பாவ இடுப்புல வெச்சிகினு, "எனக்கு ஆடக் கத்துக் குடு அக்கா"ங்குது. வெளக்கு வெக்கற வரைக்கும் ஆடினோம். ஒரு ஆட்டத்துலயே என் லாரி டயர சுட்டுடுச்சு, பிசாசு.

அருள்பிரகாசத்துக்கு மன்னிப்பு கேட்டு தனியா எழுதிட்டேன். அவரு மேல தப்பில்ல. உன் கிட்ட மன்னிப்பு கேக்க மாட்டேன். பதினொண்ணாந்தேதி நீ மட்டும் வா. என் மூஞ்சியப் பாத்து திட்டு, நானும் திட்டறேன். ஒரே தட்டுல சண்டை போட்டுகினே துன்னவங்கதானே நாம? வரலன்னா அதையாவது எழுது. கம்முனு மட்டும் இருக்காத.

ஐரீன்

---

தந்தி
பிலாய், 7-9-74

கல்யாணம் ரத்து. பயணம் ரத்து. இனி கடிதம் வேண்டாம். ஜேக்கப்.

---

ராயபுரம்
8-9-74

அண்ணாத்த,

கடுதாசி வோணாம்னு சொல்லிட்ட. இது கார்டு. படிச்சிட்டு கிழிச்சிப் போடு.

நேத்து தந்திக்காரன் சைக்கிள் நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. நம்ம தெருவுல தந்தின்னா இன்னான்னு மறந்துட்டியா? அம்மா "ஜேக்கப்பு"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, அப்படியே சாஞ்சுடுச்சு. சிலுவையம்மா அத்தை மாருல அடிச்சிகினு ஓடியாந்துச்சு. எதிர் வூட்டுல சாவுக்கு வரவங்க குந்த பாய் கூட எடுத்தாந்துட்டாங்க. நான் கவர பிரிக்காம கைல வெச்சிகினே நின்னேன். எந்த உலைல விழுந்தியோ, எந்த இரும்பு உன் மேல சாஞ்சுதோன்னு கண்ணுக்குள்ள என்னென்னவோ ஓடுது. உன் மேல இருந்த கோவம் போன எடம் தெரியல. சர்வேசுரா, அவன் உயிரோட இருந்தா போதும், அவன் சொன்ன ஆளையே கட்டிக்கறேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

பிரிச்சேன். படிச்சேன். "அவன் கோவமாத்தான் கீறாம்மா, வேற ஒண்ணும் இல்ல"ன்னு அம்மா காதுல கத்தினேன். மூஞ்சில தண்ணி தெளிச்சு ரெண்டாவது தபா கத்தினதும்தான் அதுக்கு மூச்சு வந்துச்சு. நான் வாசல்லயே குந்திகினு சிரிச்சேன், அப்பால அழுதேன். அப்பால பழைய கோவம் ஜம்முனு திரும்பி வந்துச்சு. நிம்மதியா கோவப்பட்டேன்.

நீ அங்க கோவமா இரு. நான் இங்க கோவமா கீறேன். கடுதாசி போடாத, பரவால்ல. தந்தி மட்டும் குடுக்காத.

ஐரீன்