காலை வெயிலில் ஒட்டியது

மேல் டிவிஷன், 11-ஆம் எண் வீடு,
கேமரன் மலை, பகாங்.
19.11.1983

அன்புள்ள அண்ணன் தங்கராஜுவுக்கு,

தங்கை ருக்குமணி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் இடுப்பு வலி முன்போலத்தான். எனக்கு மூன்றாம் படிவ எஸ்ஆர்பி தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை. அறிவியல் தாள் எளிதாக இருந்தது. இங்கே தினமும் மழை.

நீங்கள் இருக்கும் இடம் புதன்கிழமைதான் தெரிந்தது. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பஷீர் மாமா என்னைக் கூப்பிட்டு, "ஒங்கண்ணன் கோலா தெர்லாவுல காய்கறி லோரி ஓட்டுறான்லா. டிரெய்லர்லதான் குடித்தனம். அடிக்கிற மழைக்கு ஒரு சொட்டு உள்ள எறங்கல! யாருடா கூரைய இப்படி ஒட்டுனதுன்னு கேட்டேன். எந்தங்கச்சிதான்னு பெருமையா சொன்னான்" என்றார். கியா பார்ம் காய்கறிக் கடையில் வேலைக்கு நின்ற சீதாவை நீங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டதையும் அவர்தான் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். நானும் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த டிரெய்லரை அம்மாவுக்காகச் செய்கிறோம் என்றுதான் ஆகஸ்டில் சொன்னீர்கள். பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியாது, படுக்க வைத்தே தைப்பூசத்துக்கு ஈப்போவுக்கும் அப்படியே லூமுட் கடலுக்கும் இழுத்துப் போகலாம் என்றீர்கள். பழைய காரின் சக்கரமும் தேயிலைப் பெட்டிப் பலகையும் உங்கள் பொறுப்பு. கூரைக்கு எந்தப் பிளாஸ்டிக், அதை எந்தப் பசையால் ஒட்டுவது என்பது என் பொறுப்பு. நான் எவ்வளவு உண்மையாக அதைச் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளை மரப்பசை பலகையைப் பிடித்தது, பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. இரண்டு குழாயிலிருந்து கலக்கும் பசை கல்லைப்போல் இறுகி, பிளாஸ்டிக் தாளை மடக்கியதும் வெடித்தது. காய்கறித் தோட்டங்களில் போடும் மெல்லிய பிளாஸ்டிக்கில் எதுவுமே ஒட்டவில்லை. கடைசியில் லோரி மூடும் தடித்த தாளும் செருப்புக்கடை மஞ்சள் பசையும்தான் சேர்ந்தன. நீங்கள் தினமும் வந்து, "என்னா புரபசர், இன்னிக்கி எது பெயிலு?" என்று கேட்பீர்கள். அதைக் கேட்பதற்காகவே நான் பள்ளியிலிருந்து ஓடி வருவேன்.

அந்த மஞ்சள் பசையும் முதலில் காலை வாரியது. நீங்கள் தேயிலை பேக்டரி வேலை முடிந்து வந்து நாலு மணிக்கு ஒட்டுவீர்கள், விடிந்து பார்த்தால் தோல்போல உரிந்து கிடக்கும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினீர்கள். நான் ஒரு துண்டைக் காலையிலும் ஒரு துண்டை மாலையிலும் ஒட்டி, இரண்டிலும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். மாலைத் துண்டு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. காலைத் துண்டு மூன்று நாள் தாங்கியது. பசை காயும்போது மலைப்பனி அதன்மேல் ஈரமாகப் படிந்துவிடுகிறது, அதனால் வெயிலில் பதினோரு மணிக்குள் ஒட்டி முடிக்க வேண்டும் என்றேன்.

அக்டோபரில் நான்கு காலை நீங்கள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. அம்மா, "ஏன்டா பேர் கொடுக்கப் போகல?" என்று சத்தம் போட்டார். "லீவு போட்டிருக்கேம்மா, புரபசர் உத்தரவு" என்று சிரித்தீர்கள். என் பேச்சை நம்பி அண்ணன் நான்கு நாள் சம்பளத்தை விட்டுவிட்டார் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன். டிரெய்லருக்குள் கட்டில் எதற்கு நாலடி அகலம் என்று கேட்டபோதும், "நீயும் அம்மா பக்கத்துல படுத்துக்கலாம்ல" என்றீர்கள். அதையும் நம்பினேன்.

கொக்கி பற்றவைக்கப் போகிறேன் என்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு நீங்கள் போய்ப் பத்து நாள் கழித்து ஆபீஸில் கணக்கெழுதும் ராமசாமி கிராணி நம் வீட்டுக்கு வந்தார். "தங்கராஜு செப்டம்பரோட வேலையிலேர்ந்து பேர வெட்டிக்கிட்டானே! தோட்டத்து வீட்டக் காலி பண்ண தொரை ரெண்டு மாசம் டைம் கொடுத்தாரு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னான்" என்றார். அப்படியானால் அந்த நான்கு காலையும் உங்களுக்கு வேலையே இல்லை. மற்ற நாட்களில் சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு எங்கே போனீர்கள்? அம்மா அதை விடியற்காலை எழுந்து, சுவரைப் பிடித்து நின்று சமைத்துக் கட்டினார்.

நீங்கள் திருமணம் செய்துகொண்டதில் எனக்குக் கோபமில்லை. வேலையை விட்டதிலும் இல்லை. உங்களுக்கான வீட்டை என் கையாலேயே ஒட்டவைத்து, எங்கள் வீடு போகப்போவதை மட்டும் சொல்லாமல் போனீர்களே, அதை எந்தப் பக்கமிருந்து நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தடித்த பிளாஸ்டிக்கை மிருதுவாக்கக் கலக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பசையை இளக்கிவிடும் என்று அறிவியல் ஆசிரியர் சொன்னார். நான் அதைச் சோதிக்கவில்லை. ஆறு மாதத்தில் ஓரங்கள் எழும்பலாம். மெல்லிய மரச்சட்டத்தை ஓரம் நெடுக வைத்து இப்போதே திருகாணி போட்டுவிடுங்கள். புதிதாகப் பசை பூசினால் வாடை போகும்வரை உள்ளே அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், தீப்பிடிக்கும். அண்ணியிடமும் சொல்லுங்கள்.

நவம்பர் முப்பதுக்குள் இந்த வீட்டிலிருந்து ஒரு பெயராவது செக்ரோல் ஆள் பதிவில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று கிராணி சொல்லிவிட்டார். அம்மா தானே கொழுந்து பறிக்க மலைக்குப் போவதாகச் சொல்லி, நேற்றுக் கூடையை முதுகில் மாட்டிப் பார்த்தார். கூடை வெறுமையாகத்தான் இருந்தது. அப்படியும் வாசற்படி தாண்ட முடியவில்லை.

என் பெயரைக் கொடுக்கிறேன் என்றேன். எனக்கு வயது போதாததால் பெரியவர் ஒருவர் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டுமாம். அம்மா கைநாட்டு வைக்க மறுக்கிறார். "ஒன்னக் காட்டுக்கு அனுப்பத்தான் ஒங்கப்பன் செத்தாரா?" என்று அழுகிறார். அப்பா இல்லாததால் அண்ணன் கையெழுத்தும் செல்லும் என்று கிராணி சொன்னார். படிவத்தை இதோடு வைத்து பஷீர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். என் பெயர், பிறந்த தேதி எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு கிழித்திருக்கிறேன்.

போட்டு அனுப்பினால் டிசம்பர் முதல் தேதி பெரட்டில் நிற்பேன். அடுத்த ஆண்டுக்கு வாங்கி வைத்த நான்காம் படிவத்துப் புத்தகங்களை என் வகுப்புச் சாரதா கேட்கிறாள், கொடுத்துவிடுவேன். போட மனம் வராவிட்டால், தயவுசெய்து தபாலில் திருப்பி அனுப்பாதீர்கள். அதை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். அம்மா திட்டுவார், பிறகு சோறு போடுவார். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் உங்கள் தங்கை,
இ. ருக்குமணி