வீங்காத முகம்

ஜூன் 9

காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்த்தேன். இமை வீங்கவில்லை. கழுத்தில் தடிப்பு இல்லை. கல்யாணமாகி, அரக்கு பூசுவதே தொழிலான இந்தக் கவாதா ஊருக்கு வந்ததிலிருந்து, மரத்துப் பாலிலிருந்து எடுக்கிற ஈர அரக்குப் பக்கம் போனாலே வெந்த நண்டு மாதிரி சிவந்துவிடுகிற மூஞ்சி இது. இந்த வசந்தம் முழுக்க ஒரு அரிப்பு இல்லை! மாமியாரிடம் சொன்னேன். "மரத்துப் பால் உன்ன ஏத்துக்கிடுச்சுடி சயோகோ. இப்பத்தான் நீ இந்த வீட்டுக்காரி" என்றாள். மதியமே, விசேஷத்துக்கு மட்டும் செய்கிற, பயறு போட்ட சிவப்புச் சோறு பொங்கிவிட்டாள். தொமோயுகிதான் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக உம்மென்று ஒரு புருஷன்.

ஜூன் 12

மூக்குக்கண்ணாடி கம்பெனியிலிருந்து ஒரியே மேடம் வந்தார். நாங்கள் கிண்ணம் பூசுவதை விட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்களுக்கு அரக்கு பூச ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. டோக்கியோ கண்காட்சியில் எங்களுடையதைத்தான் நடுவில் வைக்கப்போகிறாராம். "பெட்டியில 'மரத்துப் பால் மட்டுமே'ன்னு அச்சடிக்கிறோம். கீழ உங்க வீட்டுக்காரர் பேரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சமாக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 15

மழை. பக்கத்து உசாமி வீட்டு அரக்குப் பட்டறையில், பூசிக் காயவைத்திருந்த கிண்ணங்களுக்கு நடுவே உட்கார்ந்து அந்த வீட்டு மசுமியோடு ஒரே அரட்டை. முன்பெல்லாம் வாசலோடு திரும்பிவிடுவேன். இனி என்ன பயம்!

ஜூன் 17

ஐயோ. கண்ணைத் திறக்க முடியவில்லை. காது, கழுத்து, விரலிடுக்கு, எல்லாம் எரிகிறது. மசுமி வீட்டில் சும்மா உட்கார்ந்ததற்கே இப்படி. அப்படியென்றால் என் உடம்பு மாறவே இல்லை. பின்னே எங்கள் வீட்டில் தினமும் நான் துடைத்து அடுக்குகிற ஃப்ரேமெல்லாம் — அது என்ன?

ஜூன் 18

இருக்காது. சீ, என்ன புத்தி எனக்கு.

ஜூன் 19

இருக்கிறது.

அவர் தபால் நிலையம் போன நேரத்தில் பட்டறையைத் திறந்தேன். தூசி விழும் என்று என்னை உள்ளே விடாத பட்டறை. அரக்கு காய ஈரம் வேண்டும். அதற்கென்று ஒரு அலமாரி, அதன் பலகையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வைத்துப் பார்த்தேன். இந்த மழைக்காலத்திலும் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. கீழ்த்தட்டில் ஸ்ப்ரே துப்பாக்கி. பெயிண்ட் டப்பாக்கள். தின்னர் வாடை அடித்தபோதெல்லாம் ஃப்ரேம் கம்பி துடைக்க என்று சொன்னாரே, நானும் நம்பினேனே! ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் வரட்டும் என்று அங்கேயே நின்றேன்.

வந்தார். "பொய்யா? இத்தன நாளும் பொய்யா? உன் பேர வேற போடப் போறாங்க!" என்று கத்தினேன். 'உன்' என்று ஒருமையில் சொன்னது அப்போது உறைக்கவில்லை.

"ஊர்ல பாதிப் பேரு ஸ்ப்ரேதான் அடிக்கிறான்."

"அடிக்கிறான், அடிச்சேன்னு சொல்லி விக்கிறான்!"

அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

கடவுளே, இதற்குத்தானா குளிர்காலத்திலிருந்து முழுக்கைச் சட்டையைக் கழற்றாமலே இருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலே இல்லை. புண், பொருக்கு, மறுபடி புண். இருபது வருடம் அரக்கில் முங்கிக் கிடந்த கை. போன குளிர்காலத்தில் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம். ஒருதரம் தொண்டையும் அடைத்துக்கொண்டதாம். இனிமேல் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விட்ட பிறகும் இந்தப் புண் ஆறமாட்டேன் என்கிறது.

"அரக்குக்காரனுக்கு அரக்கு ஒத்துக்கலன்னு எப்படி வெளிய சொல்றது, சொல்லு."

எனக்குச் சொல்லியிருக்கலாமே. எனக்குமா சொல்லக்கூடாது?

ஜூன் 20

மாமியாருக்குத் தெரியும்! தெரிந்துதான் சிவப்புச் சோறு பொங்கினாள், எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று. நானும் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். 

"அவன் என் புள்ளடி. என்ன பண்ணச் சொல்ற?"

 இனி அவளோடு பேச்சில்லை.

ஜூன் 23

பெட்டி அச்சாகிற முன்னால் அவரே போய்ச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் போவேன் என்றேன். போனார். நானும் கூடப் போனேன். ஒரியே மேடம் முன்னால் தரையில் நெற்றி பட விழுந்தார். அந்த அம்மா ஒரு ஃப்ரேமை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஸ்ப்ரேன்னு சொல்லியிருந்தா, ஸ்ப்ரேன்னே வித்திருப்பேனே தொமோயுகி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குளிர்காலத்திலிருந்து விற்றதையெல்லாம் திரும்ப வாங்குகிறார்கள். கண்காட்சி கிடையாது. இலையுதிர்காலத்துக்குள் இந்த வீட்டில் யாராவது நிஜமாகப் பூசிக் காட்டினால் மேலே பேசலாமாம்.

யார் இருக்கிறார்கள்?

ஜூன் 24

மாமியார் தலைமயிரைத் துணியால் இறுக்கக் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனாள். மாமனார் காலத்தில் அடிப்பூச்சு முழுக்க அவள் கைதானாம். இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை, அவளும்தான். "அலமாரிக்குத் தண்ணி தூக்கிட்டு வா. வாசல்லயே வெச்சிட்டுப் போயிடு" என்றாள். பேச்சில்லை என்பதை மறந்து சரி என்றேன்.

செப்டம்பர் 30

இன்று ஒரியே மேடம் போன் செய்தார். மாமியார் பூசிய ஃப்ரேம் தேறிவிட்டது. பெட்டியில் அவள் பெயர் வருகிறது. சொன்னதும், "கிழவி பேரப் பாத்து எவன்டி வாங்குவான்" என்று சிரித்தாள்.

சாயங்காலம், ஃப்ரேம் தொழிற்சாலையில் கம்பி ராவும் வேலை முடிந்து அவர் சைக்கிளில் வந்தார். நேரே பட்டறை ஜன்னலுக்குப் போனார். அவர் உள்ளே போகக்கூடாது, நானும்தான். மாமியார் ஒரு ஃப்ரேமை ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"கீல்கிட்ட கொஞ்சம் கனமா விழுந்திருக்கும்மா."

"போடா, போய்க் கைகால் கழுவு" என்றாள் உள்ளேயிருந்து.

அவர் போகவில்லை. வெளிச்சம் போகும்வரை அங்கேயே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.