துளையில்லாத பீங்கான் தொட்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடல்நலத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவும் அப்படியே என்று வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை எழுத முடியவில்லை. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் பால்கனியில் ஹைட்ரேஞ்சியா வளர்க்க எந்தத் தொட்டி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். வாய் அகலம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மண்தொட்டி ஈரத்தை உறிஞ்சிவிடும், அந்தச் செடிக்கோ தாகம் அதிகம். தகரம் வெயிலில் காய்ந்து வேரை வேகவைக்கும். சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கினால் நீலப் பூ நாளடைவில் இளஞ்சிவப்பாகிவிடும். கனமான பிளாஸ்டிக்கே போதும், அடியில் நான்கைந்து துளைகள் கட்டாயம். இவ்வளவும் தெரிந்த நான்தான் நம் வீட்டு ஹைட்ரேஞ்சியாவைத் துளையே இல்லாத பீங்கான் தொட்டியில் வைத்தேன். வீட்டுக்குப் பின்னால் நின்ற அதைத் தன் கட்டிலருகே ஜன்னலோரம் வைக்கும்படி அம்மா கேட்டாள்; தரையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அம்மா வழுக்கி விழுவார் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் கண்டித்திருந்தார். செடிக்குரிய விதியை விட்டு அறைக்குரிய விதியைப் பிடித்துக்கொண்டேன்.

இலைகள் மஞ்சளாகித் தொங்கியதால், செவ்வாய்க்கிழமை காலை பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் அழுகி நாற்றமடித்தது. மண்ணுக்குள் அம்மாவின் இதய மாத்திரைகள் கிடந்தன. பல கரைந்து கூழாகியிருந்தன. உருவம் குலையாதவை மட்டும் இருபத்திரண்டு. மூன்று வேளையும் கையில் கொடுத்து அட்டவணையில் குறியிட்டேனே தவிர, விழுங்கினாளா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, ஒளிக்காமல் பதில் சொன்னாள். "அதப் போட்டா நாள் பூராத் தலை சுத்துதுங்க. நீங்களே ரெண்டு ரெண்டாத் தெரியிறீங்க. ஒருத்தரச் சமாளிச்சதே போதாதா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளே சிரித்துக்கொண்டாள்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மாத்திரை போட்டால் சில மாதங்கள், போடாவிட்டால் சில வாரங்கள் என்றும், தெளிந்த மனத்தோடு மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார். அன்று மாலையும் வேளை தவறாமல் மாத்திரையை நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "நீங்க நின்னு பாத்தீங்கன்னா முழுங்கிடுவேன். பாக்கணுமா?" என்றாள். நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அழுகிய வேரை நறுக்கிவிட்டு, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை மாற்றி, கீழே ஒரு தட்டும் வைத்திருக்கிறேன். இனித் துளிர்க்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. உன் பரீட்சை முடியும்வரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். இந்த வாரமே புறப்பட்டு வா. வழியில் வேளைக்குச் சாப்பிடு.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: மாத்திரை விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. பரீட்சை தள்ளிப்போய் லீவு கிடைத்தது, பார்க்க வந்தேன் என்று சொல். பொய் சொன்னதற்காக உன்னை எத்தனையோ முறை தண்டித்திருக்கிறேன். அம்மா கேட்டால் நானும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா