ஏழு நாளுக்கான டீசல்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்குப் போனதும் கோப்பு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. கடலோர அணுமின் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதில் என் பங்கு, அவசர ஜெனரேட்டர்களுக்கான டீசல் இருப்பு. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் ஒழுங்குமுறை அலுவலகத்தில் எல்லாருக்கும் கொட்டாவி வரும். உலையைப் பற்றிப் பேச ஆள் உண்டு, சுவரின் கனத்தைப் பற்றிப் பேச ஆள் உண்டு, டீசலுக்கு நான் ஒருத்திதான். "மேடம் பெட்ரோல் பங்க் நடத்தறாங்க" என்ற ஜோக் சாப்பாட்டு அறையில் பல வருஷமாக ஓடுகிறது. இன்றும் ஓடியது.

உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்காது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போய்விட்டால், குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்புகளை இந்த ஜெனரேட்டர்கள்தான் ஓட்ட வேண்டும். ஏழு நாள் ஓட்டுவதற்கான டீசல் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. இதில் கொட்டாவி விட என்ன இருக்கிறது?

எங்கள் தலைவர் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆகட்டும். "ஒரு வாரத்துல முடிச்சிடலாம் இல்லையா மேடம்? டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் நூத்துக்கு நூறு" என்றார். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நேரில் போய்ப் பார்க்காமல் விட மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நிலையத்துக்குப் போய் வந்தேன். அக்கா அங்கே ஊழியர் குடியிருப்பு மருத்துவமனையில் நர்ஸ். ஆய்வுக்குப் போகிற இடத்தில் சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. "தங்கச்சி வாசலோட திரும்பிப் போறாளாம்" என்று போனில் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

ஜெனரேட்டர் அறையில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு என்ஜினுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டேங்க். வெளியே மண்ணுக்கடியில் பெரிய டேங்குகள். ஏழு நாள் டீசல் அவற்றில்தான். கீழிருந்து பம்ப் ஏற்ற, சின்ன டேங்க் நிரம்ப, அதிலிருந்து என்ஜின் குடிக்க வேண்டும். வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சின்ன டேங்குக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி அடித்து, அதில் ரப்பர் குழாயைச் சுருட்டி மாட்டியிருந்தார்கள். அது வரைபடத்தில் இல்லை.

எதற்கு என்று ஆபரேட்டரைக் கேட்டேன். ஒளிக்கத் தெரியாத மனுஷர். "மாசாமாசம் ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓட்டுவோம் மேடம். முடிஞ்சதும் குறைஞ்ச அளவை லாரிலேர்ந்து நேரா சின்ன டேங்க்ல ரொப்பிடுவோம்."

"கீழ் டேங்க்லேர்ந்து ஏத்தறதில்லையா?"

"அதுல ஏத்தினா ஃபில்டர் அடைச்சுக்குது. ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் ஃபெயில் ஆச்சு. குழாய் போட்டப்புறம் ஃபெயிலே கிடையாது மேடம்." பெருமையாகத்தான் சொன்னார்.

கீழ் டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துத் தரச் சொன்னேன். வழக்கமாக மேலேயிருந்துதான் எடுப்பார்களாம். பாட்டிலில் வந்தது பழுப்பாக இருந்தது. அடியில் தண்ணீர், அதற்கு மேல் சளி மாதிரி ஒன்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி பெருகி இப்படித்தான் கட்டும். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக அந்த டீசலை ஒரு என்ஜினும் தொடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆகட்டுமின் அறைக்குப் பாட்டிலோடு போனேன். அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"எந்த டேங்க்லயும் அடியில மண்டி இருக்கத்தான் செய்யும் மேடம்."

"ஏழு நாள் ஓடினா அந்த அடியும்தான் சார் மேல வரும்."

"டேங்க் ஃபுல்லா இருக்கு. டெஸ்ட் பாஸ் ஆகுது. இதுல எது பொய்?"

எதுவும் பொய் இல்லை. அதுதான் எரிகிறது. டேங்க் நிரம்பியிருப்பது உண்மை, டெஸ்டில் தேறுவது உண்மை. இரண்டு உண்மையையும் ஒட்டி ஒரு பெரிய பொய்யைச் செய்து வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் தேறவில்லை என்றதும் டீசலைச் சரிசெய்யவில்லை, டெஸ்டைச் சரிசெய்துவிட்டார்கள். எவ்வளவு படித்தவர்கள், எவ்வளவு பெரிய பதவிகள்.

"ஆகட்டும். 'குறை'ன்னு எழுதாதீங்க. 'கவனத்துக்குரியது'ன்னு போடுங்க." வெளியே வரும்போது, பாட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நினைவுபடுத்தினார்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா போன். எடுத்த எடுப்பில், "என்னடி, எங்க நிலையத்தை மூடப் போறியாமே?"

யார் சொன்னது என்றேன். நிலைய இயக்குநரின் மனைவி ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது சொன்னாராம். நான் இன்னும் ஒரு பக்கம்கூட முடிக்கவில்லை. ஆகட்டும் இயக்குநருக்குச் சொல்லி, இயக்குநர் வீட்டில் சொல்லி, மருத்துவமனை முழுக்கப் பரவியாயிற்று. இரகசியக் கோப்பு என்று முகப்பில் சிவப்பு முத்திரை வேறு.

"உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்த வியாதி. வீட்டைப் பூட்டினா மூணு தடவை இழுத்துப் பாப்பே. நீ இழுத்து இழுத்துத்தான் அந்தப் பூட்டே கெட்டுப் போச்சு. இங்க எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு, வேலை போச்சுன்னா எங்க போவாங்க? மாமாவுக்கும் இங்கதான் வேலை, அதையும் நினைச்சுக்க."

புள்ளகுட்டி இருக்கிறதால்தான்டி சொல்கிறேன் என்று கத்தினேன். வைத்துவிட்டாள். கத்தியிருக்கக் கூடாது. இல்லை, இன்னும் நன்றாகக் கத்தியிருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "உங்க அக்கா ஒருபக்கம் இருக்கட்டும், முதல்ல அந்தப் பாட்டிலைச் சமையலறையிலேர்ந்து எடு. பொண்ணு எண்ணெய்னு நினைச்சு அடுப்பில ஊத்திடப் போறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டேனே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

மார்ச் 27, வியாழன்

ஆய்வுக் குழுக் கூட்டம். இயக்குநர் திரையில் டேங்கின் படம் போட்டார். நீலக் கலரில் டீசல். நீலமாம்.

"அது மட்டுமில்ல. மேடம் வந்துட்டுப் போனப்புறம் பழைய டீசலை வெளி உபயோகத்துக்கு எடுக்க ஆரம்பிச்சுட்டோம். மெல்ல மெல்லப் புதுசா மாறிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டித் தொலைத்தேன். வெளி உபயோகம் என்றால் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

என் முறை வந்தபோது ஒன்றுதான் கேட்டேன். "ஒரே ஒரு என்ஜினை ஒரே ஒரு நாள் கீழ் டேங்க் டீசல்ல ஓட்டிக் காட்டுங்க. நிக்காம ஓடிச்சுன்னா இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

"நின்னு போச்சுன்னா?"

"தெரிஞ்சிடும் இல்ல சார்."

"நின்னு போச்சுன்னா நிலையத்தை நிறுத்தணும் மேடம். அந்த ரிஸ்க்கை எடுக்க முடியாது."

ரிஸ்க். ரிஸ்க் எதுன்னு இந்த ஆளுக்கு யாராவது சொல்லுங்களேன். நிக்கும்னு அவருக்கே தெரியுது. தெரிஞ்சுதான் ஓட்ட மாட்டேங்கறார். அதை வாயால சொல்லியும் அந்த அறையில ஒருத்தருக்கும் காது கேக்கல— பிஸ்கட்டை டீயில நனைச்சுக்கிட்டு இருந்தாங்க.

முடிவு: அடுத்த மறு ஆய்வில் பார்க்கலாம். அது மூன்று வருஷம் கழித்து.

மார்ச் 28, வெள்ளி

"திருப்திகரம்" என்று தட்டச்சு செய்த தாளைக் கையெழுத்துக்கு வைத்தார்கள். பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "சரி, நானே போட்டுக்கறேன்" என்றார் ஆகட்டும், ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி உண்டு. உடன்படாதவர் மாற்றுக் கருத்து எழுதிக் கோப்பில் சேர்க்கலாம். சேர்த்தால் அது எங்களுக்கு மேலே உள்ள வாரியத்துக்குப் போயே தீர வேண்டும். யாரும் எழுதுவதில்லை. எழுதினேன். இரண்டே பத்தி. "குறை" என்ற சொல்லை நான்கு இடத்தில் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "உங்க அனுபவம் அங்கதான் தேவை" என்றார் ஆகட்டும். பயிற்சிக்கு இந்த வருஷம் ஆளே எடுக்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லித் தர வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

புதுப் பிரிவில் ஜன்னல் உள்ள அறை. கோபப்பட்டுக் கோபப்பட்டுத் தலைவலி. அக்கா பேசுவதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மத்தியானம் அக்காவின் போன். ஒரு மாதத்துக்குப் பிறகு.

"என்ன டீசல்டி அது?"

காலையில் அங்கே புயல்காற்று, குடியிருப்புக்கு வரும் மின்கம்பி அறுந்துவிட்டது. அப்போதுதான் ஒரு பிரசவம் முடிந்திருக்கிறது. குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை, மெஷினில் வைத்திருந்தார்கள். மருத்துவமனை ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

"கொஞ்ச நேரம் ஓடிச்சு. அப்புறம் இருமிச்சு, நின்னுடுச்சு. திரும்பத் திரும்பப் போட்டாங்க, வரல. குழந்தை நீலமாயிட்டே வருது. கையால பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் குடுத்தேன். கரண்ட் வர்ற வரைக்கும். கை மரத்துப் போய் வேற யார் கையோ மாதிரி ஆயிடுச்சு."

"குழந்தை?"

"இருக்கு. அழுதுடுச்சு." அவளும் அழுதாள். "மெக்கானிக் ஃபில்டரைக் கழட்டிக் காட்டினார். பழுப்பா, வழவழன்னு, சளி மாதிரி. எப்பவும் வெளியில பங்க்லேர்ந்துதான் டீசல் வாங்குவோம். போன மாசத்துலேர்ந்து நிலையத்துலேர்ந்தே ட்ரம்ல அனுப்பறாங்களாம். நீ சொன்ன டீசலா அது?"

வெளி உபயோகம்.

ஆமாம் என்றேன். நான் குறை சொன்னதால்தான் அதை அங்கே அனுப்பினார்கள். உலைக்கு ஆகாததை ஆஸ்பத்திரிக்குக் குடுத்து டேங்கைக் காலி பண்றாங்க பாவிங்க. நான் ஏன் கேக்கல? எங்கேன்னு ஒரு வார்த்தை ஏன் கேக்கல? வாய் கிழியப் பேசினேனே, அந்த ஒரு வார்த்தையை ஏன் விட்டேன்?

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா அந்த ஃபில்டரை ஒரு தட்டில் வைத்து இயக்குநர் அறைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கூடவே குழந்தையின் அப்பா. அவர் நிலையத்தில் வெல்டர். கண்ணாடி மேசையில் தட்டை வைத்தாளாம்.

"இதை ஏன் சிஸ்டர் இங்க கொண்டு வந்தீங்க?"

"இது உங்களோடது சார். எங்களுக்கு வேணாம், திருப்பிக் குடுக்க வந்தேன்."

சாயந்தரத்துக்குள் குடியிருப்பில் பாதிப் பேர் அலுவலக வாசலில் நின்றிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்று என்னைத் திட்டிய அதே ஆட்கள். கீழ் டேங்கை ஓட்டிக் காட்டாமல் ஷிஃப்டுக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். என் இரண்டு பத்தி வாரியத்தில் ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அதைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறார்கள்.

மே 7, புதன்

டெஸ்ட். என்னைப் பார்வையாளராக அழைத்தார்கள். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். ரப்பர் குழாய் போயிருந்தது. கொக்கி மட்டும் சுவரில் இருந்தது. கீழ் டேங்கிலிருந்து பம்ப் ஏற்ற, என்ஜின் ஓடியது. ஒரு நாள் ஓட வேண்டியது. பதினோரு மணி டீ வருவதற்குள் சத்தம் மாறியது, அப்புறம் நின்றுவிட்டது. அடைப்பானை எடுத்த பிறகும் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. ஆபரேட்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

"நல்லவேளை, சமயத்துல கண்டுபிடிச்சோம்" என்றார் இயக்குநர்.

கண்டுபிடிச்சாங்களாம். அதற்குள் டீ வந்து, என் கையில் கோப்பை இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன், இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

உலையை நிறுத்தியிருக்கிறார்கள். டேங்குகளைக் கழுவிப் புது டீசல் நிரப்பி, ஒரு முழு நாள் ஓட்டிக் காட்டின பிறகுதான் உரிமம். யாருக்கும் வேலை போகவில்லை. டேங்க் கழுவவே ஆள் போதவில்லையாம்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது: மாத டெஸ்டுக்கான டீசல் கீழ் டேங்கிலிருந்துதான் ஏற வேண்டும். இரண்டு நிலையங்கள் கால அவகாசம் கேட்டிருக்கின்றன. எதற்கு அவகாசம் என்று எனக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். சுற்றறிக்கையில் "குறை" இல்லை, "கவனத்துக்குரியது" என்றுதான் இருக்கிறது. பழைய பிரிவுக்கு எப்போது திரும்புவேன் என்று ஆகட்டுமைக் கேட்டேன். ஆகட்டும், பார்க்கலாம் என்றார்.

அக்கா நேற்று வந்தாள். அந்தக் குழந்தையின் படத்தைக் காட்டினாள். கன்னம் உப்பி, உலகத்தின்மேல் கோபமாக இருப்பது மாதிரி முறைக்கிறது. "உன்னை மாதிரியே இருக்கு" என்றாள். இப்போது வாராவாரம் மருத்துவமனை ஜெனரேட்டரை அவள் முன்னால்தான் ஓட்ட வேண்டுமாம். டீசலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் ஊற்ற விடுகிறாளாம். மெக்கானிக்கிடம் திட்டும் வாங்கிக்கொள்கிறாளாம். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று காலை அவளை ரயிலேற்றப் புறப்பட்டோம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், வீட்டை அவள் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். படியில் இரண்டடி இறங்கிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி இழுத்தாள். கையை எடுத்தவள், ஒரு நிமிஷம் நின்று, இன்னொரு தடவையும் இழுத்தாள்.

"ரயிலுக்கு நேரமாச்சுக்கா" என்றேன்.